பழைய எண், புதிய எண்

புளியந்தோப்பில் முகவரி கேட்டால் ஒரே எண்ணாகப் பதில் வராது. மாநகராட்சி கதவிலக்கங்களை மாற்றி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. பழைய எண் மட்டும் போகவேயில்லை. வீட்டுப் பத்திரத்தில் பழையது இருக்கும், பின்னால் வாங்கிய கேஸ் இணைப்பில் புதியது இருக்கும், கூரியர் தம்பிக்குப் போனில் வழி சொல்லும்போது இரண்டும் வரும். சந்துக்குள் சந்து பிரியும் தெருக்களில் இரண்டும் சொன்னால்தான் வீடு அகப்படும். அதே பகுதியில் கே.பி. பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பில் 1,900-க்கும் மேற்பட்ட வீடுகள். அங்கே கணக்கே வேறு: பிளாக், மாடி, வீட்டு எண். இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக இருப்பது கடைசி வரி ஒன்றுதான்: சென்னை 600012.

இந்த முகவரியை இணையப் படிவம் ஒன்றில் நிரப்பிப் பாருங்கள். 'வீட்டு எண்' என்று ஒரே பெட்டி இருக்கும். நடுவில் சாய்கோடு போட்டால் சிவப்பு எழுத்தில் திட்டும். தமிழில் தெருப் பெயரைத் தட்டினால் பாதியில் நின்றுவிடும். பக்கத்து இ-சேவை மையத்தில் இதையே நாள் முழுக்கச் செய்கிறவர்கள் வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்: பழைய எண்ணைத் தெருப் பெயரோடு ஒட்டி எழுதுவது, சாய்கோட்டுக்குப் பதில் இடைவெளி விடுவது, தமிழை விட்டு ஆங்கிலத்துக்குத் தாவுவது. படிவம் நிறைந்துவிடும். முகவரிதான் தப்பாகப் பதிவாகும்.

கோளாறு ஒரு தளத்தில் இருந்தால் சொல்லித் திருத்தலாம். பத்துத் தளங்களைப் பத்துக் குழுக்கள் எழுதுகின்றன. முகவரிப் பெட்டியையும் பத்து முறை எழுதுகின்றன. ஒன்றில் திருத்தினால் ஒன்பதில் அப்படியே இருக்கும். ஆகவே பெட்டியை ஒரு முறை ஒழுங்காகச் செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும் என்று விடுவது நல்லது. அப்படிச் செய்த பல பெட்டிகளின் தொகுப்புதான் காம்போனென்ட் லைப்ரரி. இந்த அத்தியாயத்தில் புளியந்தோப்புக்குப் பொருந்தும் ஒரு முகவரிப் பெட்டியைச் செய்துகொண்டே, அந்தத் தொழிலின் இரண்டு முக்கியக் கருவிகளைப் பார்ப்போம். ஒன்று டெக்கரேட்டர், இன்னொன்று டைரக்டிவ். புதிதாக வருகிறவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வது வழக்கம். அனுபவசாலிகளும் தப்பான இடத்தில் தப்பான கருவியைப் போடுவார்கள்.

முதலில் பெட்டி. ஆம்ஸ்டர்டாமில் 2011-இல் நடந்த ஃப்ரன்டியர்ஸ் மாநாட்டில் கூகுளின் அலெக்ஸ் ரஸ்ஸல் 'வெப் காம்போனென்ட்ஸ்' என்ற யோசனையைப் பேசினார். எச்டிஎம்எல் மொழியில் பத்தி, படம், பொத்தான் என்று கொடுத்து வைத்த டேக்குகள் உண்டு. நமக்கு வேண்டிய டேக்கை நாமே உண்டாக்கிக்கொள்ள முடிந்தால், பிரவுசரும் அதைத் தன் சொந்த டேக் போலவே நடத்தினால்? பேச்சிலிருந்து நடைமுறைக்கு வர ஆண்டுகள் பிடித்தன. இப்போது நடப்பில் இருக்கும் வடிவம் குரோமில் 2016-இல் வந்தது, சஃபாரியில் 2017, ஃபயர்ஃபாக்ஸில் 2018 அக்டோபர், மைக்ரோசாஃப்ட் எட்ஜில் 2020 ஜனவரி. அதற்குப் பிறகு எல்லாப் பிரவுசரும் ஒரே பேச்சு பேசுகின்றன.

இதை வடசென்னைக்காரருக்கு விளக்குவது எளிது. திருவொற்றியூரிலிருந்து துறைமுகம் வரை வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளைப் பார்த்திருப்பார். சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் 1983-இல் வந்தது. பெட்டிக்குள் தோல் இருக்கிறதா, கார் உதிரிபாகம் இருக்கிறதா என்று கிரேனுக்குக் கவலை இல்லை. எட்டு மூலைகளிலும் உள்ள இரும்பு வார்ப்பு உலகம் முழுக்க ஒரே அளவு, அதில் ட்விஸ்ட் லாக் மாட்டினால் தூக்கிவிடும். கதவில் ஒரு தகடு அடித்திருப்பார்கள். 1972-இன் பாதுகாப்பான கண்டெய்னர்களுக்கான பன்னாட்டு ஒப்பந்தப்படி அதில் செய்த தேதி, தாங்கும் மொத்த எடை, மேலே எவ்வளவு அடுக்கலாம் என்பதெல்லாம் இருக்கும். அது செய்தவர் அடித்த தகடு. அப்புறம் சரக்கு ஏற்றுகிறவர் தன் பங்குக்குச் சீல் வைப்பார், எரிபொருள் என்றால் எச்சரிக்கை அட்டை ஒட்டுவார், இறக்கிய பிறகு கிழித்தெறிவார். தகடு பெட்டியோடு பிறந்தது, அட்டை அந்தப் பயணத்துக்கு மட்டும். டெக்கரேட்டர் முன்னதைப் போல, டைரக்டிவ் பின்னதைப் போல. ஒப்புமையை இதற்கு மேல் இழுக்கப் போவதில்லை. மென்பொருளில் தகடு அடித்தால் பெட்டியின் நடத்தையே மாறிவிடும், இரும்பில் அப்படி நடக்காது.

நம் டேக்குக்குப் பெயர் வைப்போம். விதி இரண்டு: பெயரில் ஒரு இணைப்புக்கோடு இருக்க வேண்டும், முதல் எழுத்து ரோமன் சிறிய எழுத்தாக இருக்க வேண்டும். இணைப்புக்கோடு எதற்கென்றால், நாளைக்கு எச்டிஎம்எல் புதிதாக ஒரு டேக்கைச் சேர்த்தால் அது நம்முடையதோடு மோதக்கூடாது. ரோமன் எழுத்து எதற்கென்றால், பிரவுசர் பக்கத்தைப் படித்துக்கொண்டு போகும்போது அப்படி ஒரு எழுத்து வந்தால்தான் 'இங்கே டேக் தொடங்குகிறது' என்று எடுத்துக்கொள்ளும். அந்த முதல் எழுத்தைத் தாண்டிவிட்டால் தமிழ் தாராளமாகச் செல்லும். 'எக்ஸ்-முகவரி' என்று, எக்ஸை மட்டும் ரோமனில் போட்டு, மீதியைத் தமிழிலேயே எழுதலாம். பிரவுசர் மறுக்காது. ஜாவாஸ்கிரிப்டில் மாறிகளுக்கும் செயற்கூறுகளுக்கும் அந்த முதலெழுத்துக் கட்டுப்பாடுகூடக் கிடையாது, முழுக்கத் தமிழ்ப் பெயரே வைக்கலாம். ஆகவே கீழே வரும் வரிகள் விளக்கத்துக்காகத் தமிழாக்கியவை அல்ல. இந்தப் பெயர்களில் செயற்கூறுகளை எழுதி வைத்து, டெக்கரேட்டர் தெரிந்த தொகுப்பி ஒன்றின் வழியே அனுப்பினால் இப்படியே ஓடும்.

முகவரிப் பெட்டி என்பது ஜாவாஸ்கிரிப்டில் ஒரு கிளாஸ். அதற்குள் சில புலங்கள்:

@பண்பு பழையஎண்
@பண்பு புதியஎண்
@பண்பு தெரு
@உள்நிலை பிழைச்செய்தி

'@' குறியோடு வருவதெல்லாம் டெக்கரேட்டர். பார்க்கக் குறிப்பு எழுதியது போல இருக்கும், உண்மையில் ஒவ்வொன்றும் ஒரு செயற்கூறு அழைப்பு. கிளாஸ் பிறக்கும்போது, ஒரே முறை, அந்தச் செயற்கூறு ஓடுகிறது. பக்கத்தில் ஆயிரம் முகவரிப் பெட்டிகள் வந்தாலும் டெக்கரேட்டர் ஆயிரம் முறை ஓடாது. ஓடும்போது அது 'பழையஎண்' என்ற சாதாரணப் புலத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு காவலை வைக்கிறது. யாராவது அதில் புது மதிப்பு போட்டால் காவல் கவனிக்கும், பழைய மதிப்போடு ஒப்பிடும், மாறியிருந்தால் 'இந்தப் பெட்டியை மறுபடி வரைய வேண்டும்' என்று குறித்து வைக்கும். லிட் என்ற பிரபலமான லைப்ரரியில் உடனே வரைந்துவிடுவதும் இல்லை. பழைய எண், புதிய எண், தெரு மூன்றும் அடுத்தடுத்து மாறினால் மூன்றையும் சேர்த்து ஒரே தடவையில் வரையும். இத்தனை வேலையையும் ஒவ்வொரு புலத்துக்கும் கையால் எழுதினால் பத்துப் பதினைந்து வரி ஆகும். ஐம்பது காம்போனென்ட் உள்ள லைப்ரரியில் அது ஆயிரக்கணக்கான வரி. அத்தனையும் ஒரே மாதிரி இருக்கும், எங்கோ ஒன்றில் மட்டும் பிழை இருக்கும்.

'@பண்பு' வெளியிலிருந்து யார் வேண்டுமானாலும் மாற்றக்கூடியது. '@உள்நிலை' பெட்டியின் சொந்த விஷயம். டெக்கரேட்டரின் பெரிய பயன் வரிகளைக் குறைப்பதில் இல்லை, இந்தப் பிரிவினையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. கிளாஸைத் திறந்து பார்க்கிறவர், ஒரு வரி தர்க்கமும் படிக்காமல், எது வாசல், எது கொல்லை என்று தெரிந்துகொள்கிறார்.

யோசனை ஜாவாஸ்கிரிப்டில் பிறந்ததல்ல. பைத்தான் 2.4 பதிப்பில், 2004-இல், இதே '@' குறியோடு டெக்கரேட்டர் வந்தது. அதே ஆண்டு ஜாவா 5-இல் அன்னோடேஷன் வந்தது. ஜாவாஸ்கிரிப்டுக்கு வந்த வழிதான் சிக்கல். 2014 அக்டோபரில், இணையப் பக்கங்களைக் கட்ட உதவும் ஆங்குலர் என்ற கட்டமைப்பின் குழு பாரிஸில் ஆட்ஸ்கிரிப்ட் என்று ஒரு மொழியை அறிவித்தது, ஜாவாஸ்கிரிப்டோடு '@' சேர்ந்தது என்பதாலேயே அந்தப் பெயர். சில மாதங்களில் மைக்ரோசாஃப்டின் டைப்ஸ்கிரிப்ட் குழுவோடு பேச்சு முடிந்து, 2015-இல் டைப்ஸ்கிரிப்ட் 1.5 டெக்கரேட்டரைச் 'சோதனை முறையில்' ஏற்றுக்கொண்டது. ஜாவாஸ்கிரிப்டின் தரத்தை முடிவு செய்யும் டிசி39 குழுவில் யெஹூதா காட்ஸ் முன்வைத்த முன்மொழிவும் அதே காலத்தில் நடந்துகொண்டிருந்தது. அங்கே நல்ல முடிவு வரும் என்று நம்பி உலகமே சோதனை வடிவத்தில் வீடு கட்டிக் குடியேறிவிட்டது. ஆங்குலர் 2, 2016 செப்டம்பரில் வெளியானபோது முழுக்க முழுக்க அதன் மேல் நின்றது.

டிசி39 ஏழு ஆண்டு யோசித்தது. வடிவத்தைப் பல முறை மாற்றியது. 2022 மார்ச்சில்தான், தரமாவதற்கு முந்தைய மூன்றாம் கட்டத்துக்கு வந்தது. அப்படி வந்த டெக்கரேட்டர், எல்லோரும் பயன்படுத்திக்கொண்டிருந்த டெக்கரேட்டரோடு ஒத்துப்போகவில்லை. 2023 மார்ச்சில் டைப்ஸ்கிரிப்ட் 5.0 புதியதை ஏற்றது, பழையதையும் ஒரு அமைப்பு விசைக்குப் பின்னால் வைத்துக்கொண்டது. ஆக டெக்கரேட்டருக்கும் பழைய எண், புதிய எண் வந்துவிட்டது. ஒரு லைப்ரரியை எடுத்தால் எந்த எண்ணில் குடியிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

வேறுபாடு எழுத்திலக்கணம் மட்டும் அல்ல. இந்த இடத்தில் பலர் பல மணி நேரத்தைத் தொலைத்திருக்கிறார்கள், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். பழைய டெக்கரேட்டர், கிளாஸின் பொது முன்மாதிரியில் போய் மேலே சொன்ன காவலை வைக்கும். இதற்கிடையில் 2022-இன் ஜாவாஸ்கிரிப்ட் தரத்தில், கிளாஸில் எழுதிய புலம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பொருளின் மேலும் நேரடியாகப் புதிதாக உருவாக வேண்டும் என்று வந்தது. விளைவு: முன்மாதிரியில் காவல் நிற்கிறது, பொருளின் மேல் அதே பெயரில் சாதாரணப் புலம் ஒன்று முளைத்து அதை மறைத்துவிடுகிறது. பழையஎண்ணில் மதிப்பு போடுகிறீர்கள், மதிப்பு விழுகிறது, திரையில் ஒன்றும் மாறவில்லை. பல நேரம் பிழைச்செய்தி கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. டைப்ஸ்கிரிப்டின் இலக்குப் பதிப்பை 2022-க்கு உயர்த்திய அன்று, நேற்று வரை ஓடிய லைப்ரரி சத்தமில்லாமல் நின்றுவிடும். பழைய டெக்கரேட்டரோடு இருப்பவர்கள் புலங்களை அப்படி உருவாக்கு என்று டைப்ஸ்கிரிப்டுக்குச் சொல்லும் விசையை அணைத்து வைக்க வேண்டும். லிட்டின் ஆவணமும் அதைத்தான் சொல்கிறது.

புதிய டெக்கரேட்டர் இந்தப் பள்ளத்தை வேறு விதமாகத் தூர்க்கிறது. வெறும் புலத்தின் மேல் போட்டால் அதன் தொடக்க மதிப்பை மட்டும்தான் மாற்ற முடியும், காவல் வைக்க முடியாது. காவல் வேண்டும் என்றால் புலத்தின் முன் 'ஆக்சஸர்' என்ற சொல்லை நீங்களே எழுதிச் சம்மதம் தர வேண்டும். ஒவ்வொரு புலத்துக்கும் ஒரு சொல் கூடுதல். சலித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். நான் அந்தக் கட்சி அல்ல. ஒரு புலம் வெறும் புலமா, காவல் போட்டதா என்பது எழுத்திலேயே தெரிவது நல்லதுதான்.

இனி டைரக்டிவ். நம் முகவரிப் பெட்டியில் 'தெரு' என்று ஒரு உள்ளீட்டுக் கட்டம் இருக்கிறது. அதில் 'புளியந்தோப்பு' என்று தட்டுகிறார் ஒருவர். எத்தனை எழுத்து? பு, ளி, ய, ந், தோ, ப், பு. ஏழு. பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் ஏழு. பிரவுசரைக் கேட்டால் பதின்மூன்று. யூனிகோடில் உயிர்மெய்க்குத் தனி இடம் இல்லை. 'பு' என்பது 'ப' ஒன்று, உகரக் குறி ஒன்று. 'ந்' என்பது 'ந' ஒன்று, புள்ளி ஒன்று. எச்டிஎம்எல் உள்ளீட்டுக் கட்டத்துக்கு அதிகபட்ச நீளம் குறித்தால் அது இந்தத் துண்டுகளைத்தான் எண்ணும். ஆங்கிலத்தில் எழுதும் 'புளியந்தோப்' பன்னிரண்டு எழுத்து. அது கச்சிதமாகப் பொருந்தட்டும் என்று யாரோ பன்னிரண்டு என எல்லை வைத்திருந்தால், தமிழில் கடைசி உகரக் குறி வெட்டுப்பட்டு 'புளியந்தோப்ப' என்று நிற்கும். தரவுத்தளம் எழுத்தை எண்ணாமல் பைட்டை எண்ணினால் நிலைமை இன்னும் மோசம். ஆங்கிலத்துக்கு 12 பைட், தமிழுக்கு 39.

தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்துத் தரமாக ஏற்ற டேஸ்16 முறையில் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி இடம் உண்டு. அதில் எண்ணினால் நேராக ஏழுதான். இணையம் அந்த வழியில் போகவில்லை. அதனால் எண்ணுகிற வேலை நம் தலையில் விழுகிறது.

எண்ணுவதற்குக் கருவி இருக்கிறது. பிரவுசரில் உள்ள 'செக்மென்ட்டர்' ஒரு சரத்தை மனிதர் எழுத்தாகப் பார்க்கும் துண்டுகளாக வெட்டித் தரும். குரோமில் 2020-இலிருந்தும் சஃபாரியில் 2021-இலிருந்தும் இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் 2024-இல்தான் வந்தது. புளியந்தோப்புக்கு அது ஏழு என்றே சொல்லும். 'க்ஷ' வந்தால் 'க்', 'ஷ' என்று இரண்டாகப் பிரிக்கும், அதை ஒன்றாகக் கருதுகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். இன்னொரு கண்ணி 'தோ'வில் இருக்கிறது. ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு ஒன்று கால் ஒன்று என இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, கணினிக்கு இரண்டும் வேறு சரங்கள். ஒருவர் ஒரு விதமாகத் தட்டியதை இன்னொருவர் மற்ற விதமாகத் தேடினால் கிடைக்காது. சேமிப்பதற்கு முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்.

இந்த எண்ணும் வேலை முகவரிப் பெட்டிக்கு மட்டும் உரியதல்ல. பெயர், குறை மனு, கருத்து என்று தமிழ் தட்டும் எந்தக் கட்டத்துக்கும் வேண்டும். அந்தக் கட்டங்களை நாம் செய்யவில்லை, அவை ஏற்கெனவே பக்கங்களில் கிடக்கின்றன. பிறர் செய்த ஒன்றின் மேல் வெளியிலிருந்து ஒரு பழக்கத்தை ஏற்றுவதற்கு உள்ளது டைரக்டிவ். மிஷ்கோ ஹெவெரியும் ஆடம் ஆப்ரன்ஸும் 2009-இல் தொடங்கிய, ஆங்குலரின் முன்னோடியான ஆங்குலர்ஜேஎஸ் இதைப் பிரபலமாக்கியது. டேக்கில் ஒரு பண்புப் பெயரைக் கூடுதலாக எழுதினால் போதும், அந்த டேக்குக்குப் புதுப் பழக்கம் வந்துவிடும். பட்டியலைத் திரும்பத் திரும்ப வரை, இந்தக் கட்டத்தை அந்த மாறியோடு இணை, இது பொய்யானால் மறைத்துவிடு. வியூ என்ற இன்னொரு கட்டமைப்பில் 'வி' என்ற எழுத்தோடு தொடங்கும் பண்புகள் இந்த வம்சம்தான். பிந்தைய ஆங்குலரில் வேடிக்கையான உறவு ஒன்று இருக்கிறது. அங்கே காம்போனென்ட் என்பதே வார்ப்புருவோடு வரும் ஒரு டைரக்டிவ். அந்த டைரக்டிவை அறிவிப்பதோ ஒரு டெக்கரேட்டர். புதிதாக வருகிறவர்கள் குழம்புவதில் வியப்பில்லை.

நம் டைரக்டிவுக்கு 'எழுத்தெண்ணி' என்று பெயர் வைப்போம். கட்டத்தில் ஏதாவது மாறினால் அது செக்மென்ட்டரைக் கேட்டு, பக்கத்தில் '7/40' என்று காட்டும். எல்லை தாண்டினால் வெட்டாது, சிவப்பில் சொல்லும். வெட்டாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. தமிழ் தட்டச்சு பல வழிகளில் நடக்கிறது. தமிழ்99 விசைப்பலகையில் தட்டுகிறவர் இருக்கிறார், ஆங்கில ஒலியில் தட்டித் தமிழாக்குகிறவர் இருக்கிறார். பின்னதில் பல கருவிகள் ஒரு சொல் முடியும்வரை எழுத்துகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும். முதலில் ரோமன் எழுத்துகள் விழும், இடைவெளி விசையைத் தட்டியதும் மொத்தமும் தமிழாக மாறும். அந்த இடைக்காலத்தில் டைரக்டிவ் கை வைத்தால் சொல் உடைந்துவிடும். 'இப்போது கோத்துக்கொண்டிருக்கிறேன்', 'முடிந்தது' என்று பிரவுசர் இரண்டு நிகழ்வுகளை அனுப்பும், அவற்றுக்குக் காது கொடுக்க வேண்டும். ஆங்குலரின் படிவ டைரக்டிவும் வியூவின் இணைப்பு டைரக்டிவும் இதைச் செய்கின்றன. வியூவின் ஆவணத்தில் இதற்கு எடுத்துக்காட்டாகச் சீனம், ஜப்பானியம், கொரியம் மூன்றும்தான் சொல்லப்பட்டிருக்கின்றன. நமக்கும் வேண்டியது என்பதைத் தமிழ் நிரலாளர்கள் தாமாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

எழுத்தெண்ணி நன்றாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது அதை நம் 'எக்ஸ்-முகவரி' டேக்கின் மேல் போடுங்கள். வேலை செய்யாது. காம்போனென்ட்டின் உள்ளே இருக்கும் கட்டங்கள் ஷாடோ டாம் என்ற தனி அறைக்குள் இருக்கின்றன. பக்கத்தின் ஸ்டைல் உள்ளே போகாது, உள்ளே உள்ளதன் ஸ்டைல் வெளியே கசியாது, வெளியில் நிற்கும் டைரக்டிவுக்கு அறைச் சுவர்தான் தெரியும். உள்ளே கிளம்பிய நிகழ்வு வெளியே வந்தாலும், எந்தக் கட்டத்திலிருந்து வந்தது என்பது மறைந்து, மொத்தப் பெட்டியிலிருந்து வந்ததாகவே தெரியும். இது குறை அல்ல, இதற்காகத்தான் சுவர் கட்டினார்கள்.

டைரக்டிவுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு, லைப்ரரி செய்கிறவர்கள் மறந்துவிடுவது அதைத்தான். காம்போனென்ட் பிரவுசரின் தரம். டெக்கரேட்டர் மொழியின் தரமாக வந்துகொண்டிருக்கிறது. டைரக்டிவ் எந்தத் தரத்திலும் இல்லை. ஆங்குலரின் டைரக்டிவ் ஆங்குலருக்கு வெளியே செத்த பண்புப் பெயர். லிட்டின் டைரக்டிவ் லிட்டின் வார்ப்புருவுக்குள் மட்டும் உயிர் வாழும். எல்லா ஊருக்கும் போக வேண்டிய சரக்கை டைரக்டிவாக எழுதினால் அது ஓர் ஊரைத் தாண்டாது.

இந்தச் சிக்கலை நேரடியாகச் சந்தித்த நிறுவனம் சென்னையிலேயே இருக்கிறது. 2010-இல் இங்கே தொடங்கி 2021 செப்டம்பரில் நாஸ்டாக் சந்தைக்குப் போன ஃப்ரெஷ்வொர்க்ஸ், தன் மென்பொருளுக்குள் வெளியாட்களும் குட்டிச் செயலிகளை எழுதிச் சேர்க்க இடம் கொடுக்கிறது. எழுதுகிறவர் ரியாக்ட் கட்டமைப்பை எடுக்கலாம், வியூ எடுக்கலாம், ஒன்றும் இல்லாமல் வெறும் ஜாவாஸ்கிரிப்டிலும் எழுதலாம். ஆனால் வாடிக்கையாளரின் கண்ணுக்குப் பொத்தானும் பட்டியலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அதற்காக அவர்கள் திறமூலமாக வெளியிட்டது கிரேயான்ஸ் என்ற வெப் காம்போனென்ட் லைப்ரரி. டேக்குகள் எல்லாம் 'எஃப்டபிள்யூ' என்ற இரண்டெழுத்து முன்னொட்டோடும் இணைப்புக்கோட்டோடும் தொடங்கும்.

கிரேயான்ஸ் எழுதப்பட்டது ஸ்டென்சிலில். அயோனிக் குழு 2017-இல் கொண்டுவந்த கருவி அது. அதிலும் டெக்கரேட்டர்கள் உண்டு: காம்போனென்ட், புராப், ஸ்டேட், ஈவென்ட், வாட்ச், லிசன், மெத்தட். ஆனால் லிட்டில் நடப்பதுபோல அவை பிரவுசரில் ஓடுவதில்லை. ஸ்டென்சிலின் தொகுப்பி நிரலைப் படிக்கும்போதே அவற்றைப் பார்த்துப் புரிந்துகொண்டு, வேண்டிய நிரலை எழுதிவிட்டு, டெக்கரேட்டரை அழித்துவிடுகிறது. பயனருக்குப் போகும் கோப்பில் '@' குறியே இருக்காது. பழைய எண், புதிய எண் தகராறும் பயனர் வரை போகாது. படித்ததைக் கொண்டு இன்னும் சில காரியங்களையும் அது செய்கிறது: காம்போனென்ட்டின் பண்புகளை அட்டவணையாக்கி ஆவணம் எழுதும், ரியாக்ட், ஆங்குலர், வியூவுக்கு ஏற்ற மேலுறைகளையும் உண்டாக்கும். விலையும் உண்டு. டெக்கரேட்டருக்குள் எழுதுவதை ஓட்டிப் பார்க்காமலே தொகுப்பி புரிந்துகொள்ள வேண்டும், ஆகவே அங்கே கணக்குப் போட்டு மதிப்பு வரவழைக்கும் சாமர்த்தியமெல்லாம் செல்லாது. புதுச் சொந்த டெக்கரேட்டர்களை விருப்பம்போல் சேர்க்கவும் வழி குறைவு. லைப்ரரி எழுதுகிறவருக்கு இந்தக் கெடுபிடி நல்லது என்பேன். சொந்த டெக்கரேட்டர் கண்டுபிடிக்கும் ஆசை வந்த குழுக்களின் நிரலை மூன்றாவது ஆண்டில் யாராலும் படிக்க முடிவதில்லை.

இந்த வெளிச்சத்தில் நம் முகவரிப் பெட்டிக்குத் திரும்புவோம். எழுத்தெண்ணி டைரக்டிவாக இருந்தால் பக்கத்தில் கிடக்கும் சாதாரணக் கட்டங்களுக்கு உதவும், பெட்டிக்குள் நுழையாது. ஆகவே எண்ணும் நிரலைத் தனிச் செயற்கூறாக, எந்தக் கட்டமைப்பையும் சாராமல் எழுதி வைக்க வேண்டும். அதையே பெட்டியின் உள்ளேயும் அழைக்கலாம், டைரக்டிவும் அழைக்கலாம். தமிழ் எழுத்தைச் சரியாக எண்ணுவதும், ஓகாரத்தை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதும், இரண்டு கதவிலக்கங்களையும் தனித்தனியாக வைத்திருப்பதும் பெட்டி எங்கே போனாலும் மாறக்கூடாத குணங்கள். அவை உள்ளே, டெக்கரேட்டர் போட்ட பண்புகளாகவும் அவற்றின் பின்னால் ஓடும் நிரலாகவும் இருக்க வேண்டும். எண்ணிக்கையைக் கட்டத்தின் மேலே காட்டுவதா கீழே காட்டுவதா என்பதெல்லாம் பக்கத்தை வைத்திருப்பவர் பாடு. அவர் தன் டைரக்டிவை வைத்து என்னவோ செய்துகொள்ளட்டும்.

பல லைப்ரரிகளில் நடப்பது நேர்மாறு. பொத்தானுக்கே முப்பது நாற்பது பண்புகள். ஒவ்வொரு பக்கக்காரரின் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு '@பண்பு' சேர்த்துக்கொண்டே போவார்கள். சேர்த்ததை எடுக்க முடியாது, யாரோ எங்கோ பயன்படுத்திக்கொண்டிருப்பார்கள். கே.பி. பார்க்கின் பிளாக், மாடிக்காக முகவரிப் பெட்டியில் இரண்டு பண்புகளைச் சேர்க்கத் தோன்றும். வேண்டாம். 'ஸ்லாட்' என்று ஒரு திறப்பை விட்டால் போதும். அடுக்குமாடி உள்ள பக்கம் தன் கட்டங்களை அந்தத் திறப்பில் செருகிக்கொள்ளும், இல்லாத பக்கத்துக்கு அது கண்ணில்கூடப் படாது. ஸ்லாட்டில் செருகியவை சுவருக்கு வெளியே பக்கத்துக்குச் சொந்தமானவையாகவே இருக்கும் என்பதால் எழுத்தெண்ணி டைரக்டிவ் அவற்றின் மேல் வேலை செய்யும்.

படிவத்தை அனுப்பும்போது ஒரு பழைய தொல்லை இருந்தது. ஷாடோ டாமுக்குள் உள்ள கட்டங்கள் வெளிப் படிவத்தின் கணக்கில் வராது. முகவரியை நிரப்பி அனுப்பினால் முகவரி இல்லாமலே போய்ச் சேரும். மறைவாக இன்னொரு கட்டம் வைத்து ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள். காம்போனென்ட் தன்னைப் படிவத்தின் உறுப்பாக அறிவித்துக்கொள்ளும் வசதி குரோமில் 2019-இலும் ஃபயர்ஃபாக்ஸில் 2022-இலும் சஃபாரியில் 2023-இலும் வந்தது. அதன் வழியே ஒரே பெட்டி பல மதிப்புகளைத் தனித்தனிப் பெயரோடு கொடுக்கலாம்: பழைய எண், புதிய எண், தெரு, அஞ்சல் குறியீடு. 1972-இல் வந்த அஞ்சல் குறியீட்டுக்கு ஆறு இலக்கம், முதல் இலக்கம் சுழியம் ஆகாது என்ற சோதனையைப் பெட்டியே செய்து, தவறு இருந்தால் படிவத்தை நிறுத்தவும் முடியும்.

கடைசியாக ஒரு தொழில்முறைச் சிக்கல். ஒரு பக்கத்தின் பொதுப் பதிவேட்டில் ஒரு டேக் பெயரை ஒரு முறைதான் பதிவு செய்யலாம். இரண்டாம் முறை பதிவு செய்தால் பிரவுசர் பிழை எறியும். ஒரே பக்கத்தில் இரண்டு குழுக்கள், ஒன்று லைப்ரரியின் முதல் பதிப்பையும் இன்னொன்று இரண்டாம் பதிப்பையும் கொண்டுவந்தால், முதலில் ஏறியது நிற்கும், மற்றது விழும். எது முதலில் ஏறும் என்பது அன்றைய இணைய வேகத்தைப் பொறுத்தது. டேக் பெயரைப் பதிவு செய்யும் டெக்கரேட்டர் இதை மறைத்துவிடுவதால், கோப்பை இறக்கிய கணத்தில் பதிவு நடந்துவிடுகிறது என்பதே பலருக்குத் தெரிவதில்லை. கவனமான லைப்ரரிகள் கிளாஸை ஒரு கோப்பிலும் பதிவை இன்னொரு கோப்பிலும் வைக்கின்றன. பதிவதற்கு முன் அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கின்றன. பதிப்புகளை ஒன்றாக்க முடியாத இடத்தில், இரண்டாம் குழு கிளாஸை மட்டும் எடுத்து, தன் முன்னொட்டோடு வேறு பெயரில் பதிந்துகொள்கிறது.